ஒரே பெயரில் இரண்டு தோணி

ராஜன்,

உன் கடிதத்தை வாசலில் நின்று கொஞ்சம் படித்தேன். முத்தையாபுரம் பஸ்ஸில் கொஞ்சம், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் போர்டுக்கு முன்னால் டீ நேரத்தில் மிச்சம். ஓரிடத்தில் உட்கார்ந்து முடிக்க முடியவில்லை. இந்தப் பதிலையும் அப்படித்தான் எழுதுகிறேன். உலையை வைத்துவிட்டு ஒரு பக்கம், துணியை உதறிப் போட்டுவிட்டு ஒரு பக்கம். உன் அப்பா சாகுபுரத்தில் பகல் ஷிப்டுக்குப் போயிருக்கிறார். அவர் இருந்தால், "நாலு வரியில எழுதிப் போடாம எதுக்கு இப்படி அங்கன இங்கன நடந்துக்கிட்டே இருக்க" என்று கேட்டிருப்பார். நாலு வரியில் அடங்கினால் நான் ஏன் நடக்கிறேன்.

பம்பாயில் கம்ப்யூட்டர் நிலையத்தில் வேலை என்றதும் பெரிய பெரிய கணக்குகளைப் போடப் போகிறாய் என்று நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன். இப்போது, "வந்தவர்களுக்குப் பெயர் எழுதிக் கொடுக்கும் வேலைதான் அம்மா, இதற்கா படித்தேன்" என்று எழுதியிருக்கிறாய். எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன், தப்பென்றால் திருத்து. இயந்திரம் ஒன்றுதான். அதைப் பல அறைகளிலிருந்து பலபேர் ஒரே சமயத்தில் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அக்கவுண்ட், அதற்கு ஒரு பெயர், ஓர் எண், ஒரு ரகசியச் சொல். இயந்திரத்துக்குத் தெரிவது எண் மட்டும். பெயர் மனிதர்களின் வசதிக்கு. எந்தப் பெயருக்கு எந்த எண் என்கிற அட்டவணை உன் பொறுப்பு. இப்போது தூரத்துக் கட்டிடத்தில் இருக்கும் இன்னொரு இயந்திரத்தோடும் டெலிபோன் லைன் வழியாக இணைத்திருக்கிறார்கள். அதனால் இயந்திரங்களுக்கும் பெயர் வைத்து, அதற்கும் ஓர் அட்டவணை. இங்கே ஒரு பெயருக்கு ஒரு எண்ணும் அங்கே வேறு எண்ணும் இருந்தால், அனுப்பியது யாரிடமோ போய்விடுகிறது.

அதோடு அந்தப் பேராசிரியர் விவகாரம். அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய் ரொம்ப நாளாகியும் அவர் அக்கவுண்ட் அப்படியே திறந்து கிடக்கிறது. யார் யாரோ அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே வந்து, மற்றவர்களைக் காக்க வைக்கிறார்கள். மூடலாமா என்று நீ கேட்டதற்கு உன் மேலதிகாரி, "பெரிய மனுஷன், இருந்துவிட்டுப் போகட்டும்" என்றாராம். நீயும் சலித்துப்போய், வேலையையே விட்டுவிடலாமா என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததிலிருந்துதான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ராஜன், உன் அம்மா இத்தனை காலமாக அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறாள். காதில் ஹெட்செட்டை மாட்டி, கையில் கார்டை, அதாவது லைனை இணைக்கச் சொருகும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு. நம் ஊரில் யாரும் நம்பர் சொல்ல மாட்டார்கள். "தாயி, வெங்காய மண்டி அண்ணாச்சிக்குப் போடு" என்பார்கள். எந்த வெங்காய மண்டி என்றால், "நம்ம அண்ணாச்சிதாம்மா" என்பார்கள். பேசுகிறவர் குரலைக் கேட்டு, அவருக்கு எந்த அண்ணாச்சியோடு கொடுக்கல் வாங்கல் என்று யோசித்து, அதற்குப் பிறகு நான் கார்டைச் சொருக வேண்டும். தவறிப்போனால் வைவார்கள், நானும் சிரித்துக்கொண்டு மாற்றிக் கொடுப்பேன். பெயர் என்பது சிரித்துக்கொண்டு மாற்றிக் கொடுக்கிற சமாச்சாரம் என்றுதான் நானும் இருந்தேன், அந்தக் கார்த்திகை மாதத்துப் புயல்வரை.

நீ அப்போது பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் இருந்தாய். புயல் வந்தது தெரியும். சூசை மாமாவின் தோணி போனதும், அவர் கொச்சியிலிருந்து திரும்பி வந்ததும் தெரியும். நான் டியூட்டிக்குப் போன நாட்களில் உனக்குச் சோறு போட்டு வளர்த்த ரோசம்மா அத்தை அதற்குப்பின் என்னோடு பேசாமல் இருந்ததும் உனக்குத் தெரியும். ஏன் என்று நீ கேட்டாய், நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். உன் வேலை எப்படிப்பட்டது என்று உனக்குச் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கொழும்புக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்த தோணிகளில் இரண்டுக்குப் பெயர் பனிமய மாதா. இரண்டு முதலாளிகளும் அதே மாதாவிடம் நேர்ந்துகொண்டு வைத்த பெயர், யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. நம் ஊருக்குள் குழப்பமில்லை. ஒன்றைப் பெரிய மாதா என்போம், மற்றதைச் சின்ன மாதா என்போம். ஆனால் பலகையில் எழுதியிருப்பது இரண்டிலும் ஒரே பெயர்தான். பெரிய மாதாவுக்கு ரோசம்மாவின் புருஷன் சூசை மாமா தண்டல், அதாவது தோணியை நடத்துகிறவர். ரோசம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் அந்தோணியும் அதில்தான் போயிருந்தார். அந்தோணி என்று இன்னொரு இளவட்டமும் அதே தோணியில் இருந்தான். அவனைச் சின்ன அந்தோணி என்பார்கள். சின்ன மாதாவின் தண்டலுக்கு வாழ்க்கைப்பட்டவள் பிலோமி. புயல் கரை கடந்த மறுநாள் காலையில் ரோசம்மாவும் பிலோமியும் எக்ஸ்சேஞ்சுக்கு வந்து, வெளியே பொதுமக்கள் பெஞ்சில் ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். நான் கதவைத் திறக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் எழுந்து நிற்பார்கள். நான் இல்லை என்று தலையை ஆட்டினால் உட்காருவார்கள்.

கம்பங்கள் சாய்ந்து லைன்களெல்லாம் போய்விட்டன. மதுரைக்கு ஒன்றே ஒன்று உயிரோடு இருந்தது. முற்பகலில் அதன் வழியாக மண்டபத்துத் தபாலாபீசிலிருந்து ஒரு கால் வந்தது. போஸ்ட் மாஸ்டர் கத்திப் பேசினார். "பனிமய மாதான்னு ஒரு தூத்துக்குடித் தோணி இங்க கரையேறியிருக்கு. பாய்மரம் முறிஞ்சுபோச்சு. ஆள் எல்லாரும் சுகம். வீட்டுக்காரங்களுக்குச் சொல்லிருங்க." எந்தப் பனிமய மாதா என்று நான் கேட்பதற்குள் லைன் இரைந்து நின்றுவிட்டது.

சூப்பர்வைசர் சாத்தான்குளத்துக்காரர், நல்ல மனிதர். கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "கர்த்தருக்கு ஸ்தோத்திரம். போயி ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிரும்மா" என்றார்.

"எந்தத் தோணின்னு தெரியலையே அண்ணாச்சி."

"சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சிரப் போகுது. அதுவரைக்கும் ரெண்டும் நிம்மதியா இருக்கட்டுமே. காலையிலயிருந்து பச்சத் தண்ணி குடிக்கல அதுக."

"ஒருத்திக்குப் பொய்யாயிருமே."

"அது நீ சொன்ன பொய்யா? பேரு அப்படி இருக்கு, நீ என்ன செய்வ."

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. பெயர் அப்படி இருந்தால் அதற்கு மேலே விசாரிக்க வேண்டியது என் வேலை. உள்ளூர் லைனில் துறைமுகத்தைக் கூப்பிட்டு, பெரிய மாதாவின் பதிவு எண் என்ன, சின்ன மாதாவின் எண் என்ன என்று கேட்டு, கால் விவரம் குறிக்கும் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டேன். இனி மண்டபத்தில் யாராவது கரைக்குப் போய்த் தோணியின் முன்பக்கத்து எண்ணைப் பார்த்துச் சொன்னால் போதும். ஆனால் மண்டபத்துக்குப் போக மதுரை லைன் வேண்டும். திரும்பிப் பார்த்தால் அதில் வேறொருவர் பேசிக்கொண்டிருந்தார்.

பக்கத்துப் போர்டுப் பெண் அந்தக் காலைக் கொடுத்திருந்தாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. துறைமுகத்துப் பக்கம் ஓர் அலுவலகத்தின் பெரிய அதிகாரிகளுக்கு ஒரு ரகசியச் சொல் உண்டு. அதைச் சொல்லிக் கேட்டால் வரிசையைத் தாண்டி உடனே லைன் கொடுக்க வேண்டும், அவர்களாக வைக்கும்வரை நாங்கள் துண்டிக்கக் கூடாது. அவள் அந்தச் சொல்லைக் கேட்டாள், கொடுத்தாள். நான் காதை வைத்தபோது குரல் பிடிபட்டது. அருளானந்தம் சார். அதற்கு முந்தின வருஷமே ரிட்டயராகிப் போனவர். ஆள் போய்விட்டார், அவர் கையிலிருந்த சொல்லை யாரும் மாற்றவில்லை. அலுவலகத்தில் யாராவது கேட்டிருந்தால், உன் அதிகாரி சொன்னதைத்தான் சொல்லியிருப்பார்கள், பெரிய மனுஷன், இருந்துவிட்டுப் போகட்டும் என்று.

நான் குறுக்கே புகுந்தேன். "சார், எக்ஸ்சேஞ்ச். தோணிக்காரங்க உயிர் விஷயம், லைன் வேணும்."

"ஒரு நிமிஷம்மா, இந்தா முடிச்சிருதேன்" என்றார். முடிக்கவில்லை. கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரோசம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். நான் அவசரமாக எதையோ செய்வதைப் பார்த்திருக்க வேண்டும். இன்னொரு முறை சொன்னேன். மறுபடியும் ஒரு நிமிஷம் என்றார். கார்டைப் பிடுங்கிவிட்டேன். பக்கத்துப் போர்டுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். சூப்பர்வைசர் நாற்காலியிலிருந்து எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

மதுரை, அங்கிருந்து ராமநாதபுரம், அங்கிருந்து மண்டபம். போஸ்ட் மாஸ்டருக்குக் கோபம். "பேருதான் சொன்னேனேம்மா."

"பேரு போதாது சார். அந்தப் பேர்ல ரெண்டு தோணி இருக்கு. முன்பக்கம் எழுதியிருக்கிற நம்பரைப் பாத்து வரச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

தபால்காரரைச் சைக்கிளில் அனுப்பினார். லைனை விட்டால் திரும்பக் கிடைக்காது என்று நான் பிடித்துக்கொண்டே இருந்தேன். மதுரைக்காரி இடையிடையே வந்து, "பேசிட்டீங்களா?" என்பாள். "பேசிட்டிருக்கோம்" என்பேன். யாரும் பேசவில்லை. வெறும் இரைச்சல்தான், கடல் இரைகிற மாதிரி. என்னால் உட்கார முடியவில்லை, ஹெட்செட் கயிறு எட்டுகிற தூரத்துக்கு நின்று நின்று நடந்தேன். ஒன்றை உன்னிடம் மறைக்க மாட்டேன். நான் மனசுக்குள் பெரிய மாதாவின் எண்ணைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிலோமியும் ஒரு பெண்தான், அவளுக்கும் பிள்ளைகள் உண்டு என்று தெரிந்தும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தபால்காரர் மூச்சிரைக்க வந்து எண்ணைப் படித்தார். சின்ன மாதா.

வெளியே போய் முதலில் பிலோமியிடம் சொன்னேன். "ஒங்க தோணி மண்டபத்துல கரையேறியிருக்கு பிலோமி. எல்லாரும் சுகம்." அவள் சிரிக்கவில்லை. ரோசம்மாவின் கையைப் பிடித்திருந்தாள், அதை விடவும் இல்லை. ரோசம்மா என்னைப் பார்த்து, "அப்ப எங்களுது?" என்றாள்.

"தெரியல ரோசம்மா."

"தெரியலன்னா என்ன அர்த்தம்?"

"தெரியலன்னா தெரியலதான். ஒண்ணும் தகவல் இல்ல."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ்வளவு நேரம் உள்ள ஏதோ நடக்குன்னு பாத்துக்கிட்டேதான இருந்தேன். தோணி வந்துட்டுன்னு ஒனக்கு அப்பமே தெரியும். எங்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கொஞ்ச நேரமாவது நான் பொழைச்சுக் கெடந்திருப்பேம்லா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன்பின் என் வாசலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் செய்தது சரி என்று தெரியும். ஆனால் அவள் சொன்னதும் தப்பில்லை ராஜன்.

கார்டைப் பிடுங்கியதற்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. அதற்கு முன்னாலேயே அருளானந்தம் சார் நேரில் வந்துவிட்டார். குடையை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நானும் நிமிர்ந்து நின்றேன். அவர் மெதுவாக, "நீ செஞ்சது சரிதாம்மா. எனக்கு அந்தச் சொல்லுக்கு உரிமை இல்ல. என் வீட்டுக்காரி மதுரையில ஆஸ்பத்திரியில கெடக்கா. டாக்டர்ட்டப் பேசிக்கிட்டிருந்தேன். சாதாரணமா புக் பண்ணினா பொழுதன்னிக்கும் காத்துக் கெடக்கணும், அதான்" என்றார். நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். ஆஸ்பத்திரிக் காலுக்கென்று விதிப்படியே முன்னுரிமை உண்டு, அவர் பெயரிலேயே அவசரக் காலாகப் போடலாம் என்று சொன்னேன். இத்தனை வருஷம் அதிகாரியாக இருந்தவருக்கு அது தெரியாது. கையில் அந்தச் சொல் இருந்ததால் மற்ற வழிகளைத் தெரிந்துகொள்ள அவருக்கு அவசியம் வந்ததில்லை. அன்றைக்கே அந்த அலுவலகத்துக்கு எழுதிப் போட்டு, பழைய சொல்லை எடுத்துவிட்டு, இப்போது வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும் புதிதாக ஒன்று கொடுக்கச் செய்தோம். மெமோவுக்கு நான் எழுதிய பதிலின் கீழே சூப்பர்வைசரும் கையெழுத்துப் போட்டார்.

அதனால் சொல்கிறேன், அந்தப் பேராசிரியரின் அக்கவுண்டை மூடு. உன் மேலதிகாரி முணுமுணுத்தாலும் மூடு. ஆனால் என்னைப் போலப் பிடுங்காதே. உனக்கு மண்டபத்தில் தோணி எதுவும் காத்திருக்கவில்லை. முதலில் அந்த மனிதருக்கு எழுதிக் கேள், அவர் பெயரில் யார் வருகிறார்கள், அவர்களுக்கு என்ன வேண்டியிருக்கிறது என்று. அவருடைய மாணவர்கள் யாருக்காவது பாதியில் நிற்கிற படிப்பு இருக்கலாம். அந்தப் பிள்ளைகளுக்கு அவரவர் பெயரில் அக்கவுண்ட் கொடு. இன்னொருவர் பெயரில் ஒளிந்து வருகிறவன் எல்லாரும் திருடன் இல்லை, தன் பெயரில் வர வழி தெரியாதவனும் அதில் உண்டு. அவரவருக்குரிய கதவைக் காட்டிவிட்டுப் பழைய கதவைச் சாத்து. அதற்குப் பிறகும் வேலையை விடவேண்டும் என்று தோன்றினால் விடு, நான் தடுக்க மாட்டேன். ஆனால் வெறும் பெயர் எழுதுகிற வேலை என்று சொல்லிவிட்டு விடாதே.

இதோடு முடித்துவிடலாம் என்று எழுந்து போனேன். அரிசியைக் களைந்தேன், தண்ணீர் பிடித்தேன், திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டேன். மீதியையும் சொல்லாமல் விட்டால் இது பாதிக் கதை.

பெரிய மாதாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லாமலே நாட்கள் போயின. கோயிலில் இறந்தவர்களுக்கான பூசைக்குக்கூட ஏற்பாடு செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். ரோசம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. வழக்கம்போல எக்ஸ்சேஞ்ச் பெஞ்சில் வந்து உட்காருவாள், என்னோடு பேசமாட்டாள். அப்படி ஒரு மத்தியானம் கொச்சித் துறைமுகத்திலிருந்து கால் வந்தது. சரக்குக் கப்பல் ஒன்று கடலில் சில ஆட்களைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது, தூத்துக்குடித் தோணி ஆட்களாம் என்றார்கள். தண்டல் இருந்தால் அவரையே பேசச் சொல்லுங்கள் என்றேன்.

கரகரத்துத் தேய்ந்துபோன ஒரு குரல் வந்தது. "சூசை பேசுதேன்."

"எந்தத் தோணி?"

"ஏளா, நான்தாம்ளா. ஒனக்கு என் கொரலு தெரியலையா?"

"தெரியுது அண்ணே. தோணி நம்பரச் சொல்லுங்க."

கொஞ்சம் யோசித்து, சரியாகச் சொன்னார். பெரிய மாதாவின் எண்தான். "கூட யாரு யாரு இருக்கா? ஒவ்வொரு பேரா சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்."

நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மிக்கேல். லாசர். வியாகுலம். அந்தோணி. அதோடு நின்றுவிட்டார்.

"எந்த அந்தோணி?"

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். அவர் மூச்சு விடுவது கேட்டது.

"அண்ணே, எந்த அந்தோணி?"

"சின்னவன்" என்றார். "மச்சான் இல்ல, ஏளா."

நான் கதவைத் திறந்ததும் ரோசம்மா எழுந்து நின்றாள். எந்தச் செய்தியை முதலில் சொல்வது என்று யோசிக்க அந்த வாசற்படி அளவுதான் நேரம் இருந்தது. மாமா உயிரோடு இருக்கிறார் என்று முதலில் சொன்னால் அவள் சிரித்துவிடுவாள். பிறகு ஆயுசு முழுக்க அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்து அழுவாள். அதனால் அண்ணனை முதலில் சொன்னேன். "அந்தோணி அண்ணன் போயிட்டாரு ரோசம்மா. சூசையண்ணன் கொச்சியில இருக்காரு. நான் இப்பப் பேசினேன், அவருதான். நம்பரும் கேட்டுட்டேன்."

அவள் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "நம்பரும் கேட்டியா?" என்றாள். கேட்டேன் என்றேன். "அப்ப ரெண்டும் நெசந்தான்" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அண்ணன் வீட்டுல மதினிக்கு நான்தான் சொல்லணும். வேற ஆள் போயிரக் கூடாது" என்று நடந்தாள். நான் சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பின்னால் ஓடினேன்.

செய்தி எங்களுக்கு முன்னால் ஓடிவிட்டது. எப்படி என்று தெரியாது, நம் ஊரில் அப்படித்தான். தெருமுனைக்கு வந்தபோது பெட்டிக்கடை அண்ணாச்சி வெளியே இறங்கி நின்று, முகமெல்லாம் சிரிப்பாக, "ரோசம்மா, அந்தோணி பொழைச்சு வாரானாமே" என்றார். கடையில் நின்ற நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருத்தி அந்தோணி அண்ணன் வீட்டுப் பக்கமாகக் கிளம்பிவிட்டாள், நல்ல செய்தியைத் தான்தான் சொல்லவேண்டும் என்று.

ரோசம்மா நின்றாள். "ஏளா, நில்லு" என்று அவளைக் கூப்பிட்டாள். அவள் நின்றாள். ரோசம்மா கடைக்கும் தெருவுக்கும் கேட்கிற மாதிரி, குரல் உடையாமல் சொன்னாள்.

"அது சின்ன அந்தோணி. எங்க அண்ணன் இல்ல."

சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணைத் தாண்டி, முதல் ஆளாக மதினி வீட்டை நோக்கி நடந்தாள்.

அம்மா